மாமன் பார்க்கக்கூடாத பல்

கேம்பஸில் கடைசிப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டு மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் வந்து இறங்கியபோது என் கையில் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. துவைக்காத உடுப்பு நிறைந்த ஒரு பேக் இருந்தது. ரிசல்ட் வரும்வரை அக்கா வீட்டில் தின்று தூங்குவதுதான் என் மகத்தான திட்டம். மச்சானுக்குக் கொழும்பில் கடை வேலை. ஆக, தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் அக்கா, அவளுடைய ஏழு மாத மகன், நான், மூன்றே பேர்.

அக்கா காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது மகனைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போவாள். தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் கைக்குழந்தைகளை விட்டுச் செல்கிற இடம் அது. பத்து மணிக்கு ஓடி வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி மலையேறுவார்கள். நானும் அதே அறையில் உருண்டு வளர்ந்தவன்தான்.

ஒரு திங்கட்கிழமை மாலை அக்கா மலையிலிருந்து இறங்கியதும், அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா இவனைத் தூக்கிக்கொண்டு நேராக வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, நீ புள்ள வளக்குறியா, நாய்க்குட்டி வளக்குறியா? பல்லே இல்லாம மூணு பிள்ளைங்களக் கடிச்சிட்டான். கத்துறான், பால் குடிக்க மாட்டேங்குறான். ரெண்டு நாளைக்கு வூட்டுலயே வச்சிக்க."

பயலின் நாடி முழுக்க எச்சில் வடிந்து சிவந்து போயிருந்தது. கையில் கிடைத்த எல்லாவற்றையும் வாயில் திணித்தான். என் போன் சார்ஜரையும்தான்.

"நான் பாத்துக்கிறேன்க்கா. நீ வேலைக்குப் போ" என்றேன். வேறு என்ன வேலை எனக்கு?

"வேணாம்."

ஒரே சொல். செவ்வாய்க்கிழமை அவளே லீவு போட்டாள். நான் தூக்கப் போனால் திரும்பி நின்றாள். பிள்ளை அழுதால் உள்ளே கொண்டுபோய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். நேற்றுவரை என் தலையில் மூத்திரம் பெய்தவன் அவன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா?

அடுத்த காம்பராச் சித்தி, மலைத் தண்ணீர் வந்து விழுகிற பீலியடியில் குடத்தை வைத்துக்கொண்டு விஷயத்தை உடைத்தார்.

"ஒனக்குத் தெரியாதாடா? அவனுக்கு மேப்பல்லு மொதல்ல வருது. அத தாய்மாமன் பாத்தா மாமனுக்கு ஆகாது."

குழாயடியில் நின்று சத்தமாகச் சிரித்தேன். "சித்தி, நான் கேம்பஸ்ல பயோ படிச்சவன்."

"படிச்சா? தாய்மாமனாப் பொறந்துட்டியே, அதுக்கு என்னா பண்ணுவ?"

அக்காவைக் கலாய்க்கிற உற்சாகத்தோடு வீட்டுக்குள் போனேன். "ஏன்க்கா, எனக்கு எமன் ஒம் மகன் ரூபத்துலயா வந்திருக்கான்?"

அவள் சிரிக்கவில்லை. பிள்ளையின் நாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அம்மாவுக்கும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க."

அம்மா போனபோது நான் ஆறாம் வகுப்பு. அக்கா ஓ லெவலுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் புத்தகத்தை மூடிவிட்டுக் கொழுந்துக் கூடையை எடுத்தாள். நான் பதுளையில் போர்டிங்கில் இருந்து படித்தேன். இதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. நானும் ஒருநாளும் நன்றி என்று சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் பேசுகிற வழக்கம் கிடையாது.

அன்று மாலை மிட்வைப் மிஸ் வந்து பார்த்துவிட்டுப் போனார். காய்ச்சல் இல்லை, பல் முளைக்கிற உபத்திரவம்தான் என்றார். "ஒடம்பு காஞ்சா மட்டும் பல்லுன்னு நெனச்சுச் சும்மா இருந்துராதீங்க. ஒடனே தூக்கிட்டு வாங்க." மேல் பல் முதலில் வருவது நோயில்லை என்றும் சொன்னார். அக்கா பணிவாகத் தலையாட்டினாள். ஒரு சொல்லையும் நம்பவில்லை.

சித்தியிடமும் ஒரு வைத்தியம் இருந்தது. "ஈறுல ஒரு சொட்டுச் சாராயம் தடவுனா தூங்கிருவான்."

"அப்ப ஒங்க வூட்டுக்காரருக்குத் தெனமும் பல்லு மொளைக்குதா சித்தி?" என்று கேட்டேன். குடத்துத் தண்ணீரை என்மேல் ஊற்றாத குறை.

புதன்கிழமை அக்கா பெரட்டுக்குப் போயே ஆகவேண்டும். ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிற இடத்தில் இவளைக் காணோம் என்று கங்காணி ஏற்கெனவே கேட்டு அனுப்பியிருந்தார். கூடையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று என்னிடம் ஒப்பந்தம் போட்டாள்.

"தூக்கு. ஆனா வாயப் பாக்காத. சத்தியம் பண்ணு."

"சத்தியம்."

"யார் மேல?"

"தேயில மேல."

"செருப்படி வாங்குவ."

"சரி சரி, ஒம்மேல."

வாயைப் பார்க்காமல் பல்வலிக்காரனைச் சமாளிப்பது எப்படி? எந்த லெக்சரரும் சொல்லித்தராத பாடம். அவன் முதுகு என் நெஞ்சில் படும்படி, முகம் வெளிப்பக்கம் இருக்கும்படி தூக்கிக்கொண்டு வாசலில் நடந்தேன். எதிர் மலை மூட்டத்துக்குள் போய் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் இதற்கெல்லாம் பிரிட்ஜ் தேவையில்லை, பீலித் தண்ணீர் போதும். சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து மூலையைக் கொடுத்தேன். கடித்தான், உறிஞ்சினான், கொஞ்ச நேரம் சும்மா இருந்தான், மறுபடி கத்தினான். பாட்டுப் போட்டேன், கத்தினான். நான் பாடினேன், அதைவிட அதிகமாகக் கத்தினான். நியாயம்தான்.

கடைசியில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, விரலை அவன் வாயில் வைத்தேன். கண் எதிர் மலையில். விரல் ஈறில். கீழ் ஈறு மெத்தென்று இருந்தது. மேலே வீங்கியிருந்த இடத்தில் மெல்லத் தேய்த்தேன். சடாரென்று அழுகை நின்றது. என் விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தானே தலையை ஆட்டி ஆட்டித் தேய்த்துக்கொண்டான். அப்போது விரலில் ஏதோ கீறியது. உடைந்த அரிசியின் முனை மாதிரி. மேலேதான்.

குனிந்தால் பார்த்துவிடலாம். யாரும் இல்லை. சுவரில் மச்சான் சவரம் செய்கிற கண்ணாடிகூடத் தொங்குகிறது. பேஸ்புக்கில் மூடநம்பிக்கை பற்றி மூன்று பக்கத்துக்குச் சண்டை போட்ட ஆள் நான். கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பத்து மணிக்கு அக்கா ஓடி வந்தாள். தலைத்துண்டு நனைந்து, காலில் அட்டை கடித்து இரத்தம் வழிய. பிள்ளையை அல்ல, என்னைத்தான் முதலில் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை, எங்காவது உடைந்திருக்கிறேனா என்பதைப் போல.

"பாத்தியா?"

"பாக்கல."

"நெசமா?"

"நெசமா. ஆனா வந்திருச்சுக்கா. வெரல்ல பட்டுச்சு. மேலதான்."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை தாவி அவள் மடியில் விழுந்து, விடியற்காலையிலிருந்து மறுத்த பாலை மடக் மடக்கென்று குடித்தான். அவளோ பின்னாலேயே வந்து நின்ற சித்தியை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "சித்தி, தொட்டா பாத்த மாதிரியா?"

சித்தி நீதவான்போல யோசித்தார். "பாக்கக் கூடாதுன்னுதான் சொல்லிருக்கு. தொடுறதுக்குச் சட்டமே இல்ல."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? அவளுடைய காலிலிருந்த அட்டைக் கடியைக் கழுவிவிட்டேன். ஒரு பல்லை என்னிடமிருந்து மறைப்பதற்காக ஒரு நாள் வேலையை விட்ட பெண் அவள். நான் இல்லாமல் போய்விடுவேனோ என்று இவ்வளவு பயப்பட இந்த உலகத்தில் ஓர் ஆள் இருக்கிறது. அதை மூடநம்பிக்கை என்று எழுத என் கை வரவில்லை.

"அக்கா" என்றேன். "என்னடா?" என்றாள். "டீ ஊத்தவா?" என்று கேட்டேன்.

இதற்குப் பரிகாரம் உண்டு என்று சித்திதான் சொன்னார். மாமன் முதலில் எண்ணெயில் பார்த்தால் போதுமாம். வெள்ளிக்கிழமை சாமி விளக்கின் முன்னால் அக்கா ஒரு தட்டில் தேங்காய் எண்ணெய் ஊற்றினாள். பிள்ளையைத் தட்டுக்கு மேலே சாய்த்து, மேல் உதட்டை மெல்லத் தூக்கினாள். நான் மண்டியிட்டுக் குனிந்தேன். எண்ணெயில் கூரைத் தகரமும், அக்காவின் நாடியும், நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியும் ஆடின.

"தெரியுதா?" என்றாள். மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"தெரியுது. அழகா இருக்குக்கா."

மூச்சை விட்டாள். அதற்குள் பயல் இரண்டு கையையும் எண்ணெயில் அடித்து, என் தாடியெல்லாம் பூசிவிட்டான்.