உப்புத் தின்ற பழி

கொல்லிமலை வாசலூர்பட்டி இருசாயி யார் கையையும் எதிர்பார்த்துப் பிழைத்தவள் இல்லை. புருஷன் செத்தபோது விட்டுப்போனது கல்லும் முள்ளும் மண்டிய ஒரு சரிவு மட்டுந்தான். அதைத் தனியாளாகக் கொத்தி, கல்லைப் பொறுக்கி வரப்பு அடுக்கி, சாமை விளைய வைத்தாள். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதனால் என்ன? பள்ளிக்கூடம் போனவன் எவனாவது அந்தச் சரிவில் ஒரு படி சாமை எடுத்துக் காட்டட்டும், பார்க்கலாம்.

அப்பேர்ப்பட்டவளுக்கு வலது கன்னத்தின் உள்ளே ஒரு புண் வந்தது. ஆறாமல் கெட்டிப்பட்டு, வெளியே உருண்டு நின்றது. மூலிகை பறிக்க முள்ளுக்குறிச்சியிலிருந்து மலையேறி வரும் சின்னுசாமி வைத்தியர் தொட்டுப் பார்த்துவிட்டு, புற்று என்றார். பாதரசத்தையும் பாஷாணத்தையும் புடம் போட்டு எடுத்த செந்தூரம் தம்மிடம் இருக்கிறது, ஒரு மண்டலத்தில் வேரோடு கருகிவிடும் என்றார். உப்பும் புளியும் மட்டும் நாக்கில் படக்கூடாது.

இருசாயி பத்தியம் இருந்தாள் என்றால் இருந்தாள். உப்பில்லாத கஞ்சி குமட்டிக்கொண்டு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். தம்பி சென்றாயன் மகளின் கல்யாணத்தில் ஊரே கறிச்சோறு தின்றபோதும், தன் கலயத்தோடு ஓரமாக உட்கார்ந்தாள்.

ஈறு வீங்கியது. எச்சில் கயிறாக ஒழுகியது. கடைவாய்ப் பற்கள் ஆடி விழுந்தன. வைத்தியருக்கு ஒரே சந்தோஷம்.

"மருந்து நோவோட மல்லுக்கட்டுது அம்மணி. பல்லு போனாப் போகுது."

மண்டலம் முடிந்தது. கட்டி எலுமிச்சங்காய் அளவுக்குப் பருத்திருந்தது. சென்றாயன் வீட்டு வாசலில் ஊர்க்காரர்கள் கூடி நிற்க, வைத்தியர் அதை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"உப்புப் பட்டிருக்குது. இல்லாட்டி இந்நேரம் கன்னம் வழவழன்னு ஆயிருக்கோணும்."

"நான் தின்னலீங்க."

"தின்னவங்க எல்லாம் இதைத்தான் சொல்றாங்க."

நாலு பேர் சிரித்தார்கள். சென்றாயன் மெதுவாகக் குனிந்து, "கல்யாணத்தன்னிக்கி, தெரியாத்தனமா ஒரு வாய்... சொல்லிப்போடுக்கா" என்றான்.

புண் எரிந்ததைவிட அது எரிந்தது. மழை பொய்த்த வருஷத்தில் அவள் விதையைத் திட்டியதில்லை; மருந்து கேட்காமல் போனால் மருந்தையும் திட்டமாட்டாள். கேட்கவில்லை என்று சொல்ல வாய் வராமல், நோவாளி வாயில் உப்பை வைக்கிறானே, அந்த மனுஷனை என்ன செய்வது? மிச்சமிருந்த செந்தூரப் பொட்டலத்தை அவர் முன்னால் நீட்டினாள்.

"ஒரு மண்டலம் நீங்க தின்னுங்க. உப்பில்லாத கஞ்சி நானே காச்சி ஊத்தறேன். உங்க பல்லு நின்னா, நான் உப்புத் தின்னவதான்."

"நோவில்லாதவன் தின்னா வெசமாயிருமே."

"நோவுக்காரிக்கு மட்டும் தேனாட்டமா இருந்துச்சுங்களா?"

வைத்தியர் காதில் விழாதவர்போல, இன்னொரு மண்டலம், இரட்டை அளவு என்றார். சென்றாயன் தலையாட்டினான்.

"தலையாட்டறவன் நீயே முழுங்கு சாமி" என்று எழுந்து போனாள் இருசாயி.

மறுநாள் விடிந்ததும் முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு மலை இறங்கினாள். கூப்பிடாமலே சென்றாயன் பின்னால் வந்தான். சேந்தமங்கலத்தில் பஸ் ஏறிச் சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. அங்கிருந்த டாக்டர் கன்னத்தை விளக்கு வைத்துப் பார்த்தார்.

"இதுக்கு நிச்சயமான மருந்து எங்ககிட்டேயும் இல்லைம்மா. சீமையில ஈயத்தைக் கரைச்சு ஊசி போட்டுப் பார்க்கிறாங்க. அது ஆளையே கொன்னாலும் கொல்லும். வெட்டி எடுக்கலாம். பிழைப்பேன்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"பொழைக்கலீன்னா, நான் உப்புத் தின்னுட்டேன்னு சொல்லுவீங்களா?"

டாக்டருக்கு விளங்கவில்லை. சென்றாயன்தான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்ததைச் சொன்னான்.

"வெட்டுறது என் கை. தப்புன்னா என் பேர்லதான்" என்றார் டாக்டர்.

"அப்ப வெட்டுங்க."

வெட்டினார்கள். பிழைத்தாள். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. தண்ணீர் குடித்தால் பாதி வழியும். அந்த வாயோடு அடுத்த வருஷமும் சாமை விதைத்தாள்.

அந்தச் சாமை அறுப்பு முடிந்து சேந்தமங்கலம் சந்தைக்குப் போனபோது, சின்னுசாமி வைத்தியரின் குரல் கேட்டது. துணி விரித்து, பொட்டலங்களைப் பரப்பி, கூட்டத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேரைக் கருக்கினது என் செந்தூரம். ஆஸ்பத்திரியில உரிச்சது வெறும் தோலு. சந்தேகமின்னா கொல்லிமலை இருசாயியக் கேளுங்க."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். தோற்றபோது பழி அவளுக்கு. பிழைத்தபோது பேர் இவருக்கு.

இருசாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்று, முகத்துத் துணியை அவிழ்த்தாள்.

"நாந்தானுங்க இருசாயி. கேளுங்க."

முன்னால் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். மார்பில் கட்டி என்று பொட்டலம் வாங்க வந்திருந்த ஒரு பெண் மட்டும் கிட்டே வந்து, "மருந்து கேக்குமாங்க்கா?" என்றாள்.

"எனக்குத் தெரியாது கண்ணு. அவருக்கும் தெரியாது. தெரியாதுன்னு அவரு வாயால சொல்லச் சொல்லு. அப்புறம் வாங்கறதும் வாங்காததும் உம்பாடு."

அந்தப் பெண் வைத்தியரைத் திரும்பிப் பார்த்தாள். கூட்டமும் பார்த்தது. வைத்தியர் துணியின் நாலு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.