வாய் கட்டிய பிறகு கேட்ட குரல்

எனக்குப் பாடை கட்ட மூங்கில் வெட்டப் போனவர்கள் இன்றும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். ஆனால் என் வாயால் சொல்வதாக ஆத்தாளிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். இருக்கன்குடி மாரியை நம்பி வாழும் அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கச்சிகளே, கொஞ்சம் காது கொடுங்கள்.

என் பெயர் சீனியம்மாள். சாத்தூர் பக்கம் அச்சங்குளம். தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடைக்கிற வேலை. வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றிப் போகிறவர். நயா பைசா புதிதாகப் புழக்கத்துக்கு வந்த சமயத்தில் எனக்கு இந்த நோவு ஆரம்பித்தது. அப்போது எனக்கு முப்பதுகூட ஆகவில்லை.

முதலில் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல். பிறகு காலையில் இமை திறக்காது. ஈரத்துணியை வைத்து ஊறப்போட்டுத்தான் திறக்க வேண்டும். அடுத்தது வாய். எச்சில் ஊறவில்லை. புளியை நாக்கில் வைத்தாலும் ஊறவில்லை. சோறு வாய்க்குள் மணலாகக் கிடக்கும், தண்ணீர் ஊற்றித்தான் இறக்க வேண்டும். பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பிரியும்போது 'டக்'கென்று சத்தம் வரும். கைக்குழந்தைகள் அந்தச் சத்தத்துக்கே வீரிட்டு அழுதன. காதோரம் இரண்டு கன்னமும் உப்பின. பற்கள் வலிகூட இல்லாமல் கறுத்து, சோற்றோடு சோறாக உதிர்ந்தன.

"கந்தக நெடி. மருந்துக் காத்து பட்டிருக்கு" என்றார்கள் கம்பெனியில். வேலையை விட்டு வீட்டில் இருந்தும் பார்த்தேன். குறையவில்லை. விரல் முட்டிகள் வீங்கின. காரணமில்லாமல் காய்ந்த இருமல் வந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் தூணைப் பிடித்தேன்.

அந்த நிலையில்தான் என் அண்ணன் போனார். தீபாவளி சீசன் நேரம். திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து பற்றிக்கொண்டது. கொண்டுவந்து கிடத்தியபோது முகத்தைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என்னைத் தூக்கி வளர்த்த அண்ணன். எனக்கு நெஞ்சு வெடிக்கிறது. தொண்டைக்குள் ஓலம் கிடந்து துடிக்கிறது. கண்ணில் ஒரு பொட்டு வரவில்லை. சிவந்துபோன கண்ணை விழித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் பெண்டாட்டி, என் மயினி பேச்சியம்மாள், ஒப்பாரியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"கூடப் பொறந்தவரு கருகிக் கெடக்காரு. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே! அவ கண்ணப் பாருங்க. இது என் நாத்துனா இல்ல. இவளுக்குள்ள வேற எவளோ உக்காந்திருக்கா!"

சுற்றி இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகு கோடாங்கியைக் கூப்பிட்டார்கள். உடுக்கை அடித்து, வேப்பங்குழையால் முகத்தில் அடித்து, "யாரு நீ? எந்த ஊரு? சொல்லு!" என்று கேட்டார். நான் சீனியம்மாள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். 'டக்'கென்ற சத்தம்தான் வந்தது. உடுக்கை நின்றுபோனது. "தாகத்துல செத்தவ. தண்ணி இல்லாத கெணத்துக்காரி" என்றார் அவர்.

அன்றிலிருந்து தெருவில் நான் வந்தால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். ஒருநாள் குடத்துத் தண்ணீரில் என் முகத்தைப் பார்த்தேன். கன்னம் உப்பி, கடைவாய் வெடித்து, யாரோ ஒருத்தி. அவளும் என்னைப் பார்த்துப் பயந்தாள். ஊர் சொல்வது நிஜம்தானோ என்று நானே நம்பத் தொடங்கினேன். நான் எங்கோ போய்விட்டேன், என் உடம்பில் இவள் குடியிருக்கிறாள் என்று தோன்றும். சாகத்தான் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் என் முகம் பார்த்துப் பேசினார். "ஏளா, ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போவோம். ஆத்தாளுக்கு வெள்ளித் தகட்டுல கண்மலர் செஞ்சு சாத்துவோம்."

"நான் போயி நின்னா அவளே பயந்துருவா."

"அவ பாக்காத மொகமா ஒன் மொகம்?" என்றார்.

ராஜபாளையம் பக்கம் லோடு போனவர் ஆத்தாள் அபிஷேகத்துக்கென்று இளநீர்க் குலை ஒன்று கொண்டுவந்து மூலையில் வைத்தார். நேர்ந்த பொருள் என்பதால் அதன்மேல் மஞ்சள் துணி போட்டு வைத்தேன்.

வெள்ளிக்கிழமைக்குச் சில நாள் முன்பு அது நடந்தது. அவர் விருதுநகருக்கு லோடு போயிருந்தார். கஞ்சி குடித்துவிட்டுச் சற்றுச் சாய்ந்தேன். விழித்தபோது உச்சி உருமம், நடுப்பகல். தெருவில் ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை. எழுந்திருக்க நினைத்தேன். கால் வரவில்லை. கையைத் தூக்கினேன். கை அங்கேயே கிடந்தது. என் கை என் பக்கத்தில், யாரோ வைத்துவிட்டுப் போன கட்டை மாதிரி. கூப்பிட்டால் நாக்கு ஒட்டிக் கிடக்கிறது. மூச்சு மேலோட்டமாக நெஞ்சுக்குழியோடு நின்றது. ஒரு ஈ வந்து திறந்த கண்ணின் ஓரம் உட்கார்ந்தது. ஓட்ட முடியவில்லை. ஈரம் தேடி வந்ததோ என்னவோ, அதுவும் எழுந்து போய்விட்டது.

மயினி ஏதோ பாத்திரம் கேட்டு வந்தாள். வாசலில் நின்றே கூப்பிட்டாள். எட்டிப் பார்த்தாள். பாத்திரம் கேட்க வந்தவள் தலையில் அடித்துக்கொண்டு அலறினாள்.

ஆட்கள் கூடினார்கள். ஒரு பெரியவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அடங்கிருச்சு" என்றார். அந்த ஒரு சொல்தான். அதற்குப் பிறகு என்னை யாரும் மனுஷியாகத் தொடவில்லை. கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். நெற்றியில் காசு வைத்தார்கள். தாடையைச் சுற்றித் தலைக்கு மேலே துணியைக் கட்டினார்கள். இமையை இழுத்து மூடினார்கள். காய்ந்த இமை மறுபடி திறந்துகொண்டது. "இவ போற நேரத்துலயும் பாக்காளே" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். மூங்கில் வெட்ட ஆள் போனது.

நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தேன். என் ஒப்பாரியை நானே கேட்டேன். உள்ளுக்குள் கத்தினேன்: "ஆத்தா, எனக்குக் கண்ணீர் வேண்டாம். பேச்சு வேண்டாம். உயிரோடு எரியப் போகிறேன். உள்ளே நான்தான் இருக்கிறேன் என்று யாராவது ஒருத்திக்குத் தெரியவை."

அப்போது மயினியின் ஒப்பாரி பாதியில் நின்றது.

"யாரு தண்ணி கேட்டது?" என்றாள்.

யாரும் கேட்கவில்லை என்றார்கள். அவள் மறுபடி பாட ஆரம்பித்து, மறுபடி நின்றாள். திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் வெறும் சுவர்.

"தண்ணி கேக்கா. சீனி தண்ணி கேக்கா."

"மதி கெட்டுப் பேசாத பேச்சி. வாயைக் கட்டியாச்சு" என்றார் பெரியவர்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. என் தாடைக் கட்டை அவிழ்த்தாள். தண்ணீர்ப் பானை காலியாக இருந்தது. மூலையில் மஞ்சள் துணியை இழுத்தெறிந்துவிட்டு அரிவாளை எடுத்தாள்.

"அடியே, அது ஆத்தாளுக்கு நேர்ந்தது!"

"அவளுக்கு நேர்ந்ததத்தான் அவ பிள்ளைக்கு ஊத்துதேன்!"

தலையைத் தூக்கி மடியில் வைத்து, துணியை நனைத்துத் துளித் துளியாகப் பிழிந்தாள். நாக்கு அண்ணத்தை விட்டுப் பிரிந்தது. அந்தச் சத்தம் கேட்டுப் பெண்கள் வெளியே ஓடினார்கள். மயினி ஓடவில்லை. இன்னும் பிழிந்தாள். என் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"முழுங்குதா! ஐயோ, முழுங்குதா! விரல் கட்ட அவுத்து விடுங்க, பாவிகளா!"

ஒரு காய் முடிந்து அடுத்ததை வெட்டினாள். அதற்கடுத்தது. பொழுது சாயும்போது என் வலது கை விரல் ஒன்று அசைந்தது. லாரியோடு வந்து சேர்ந்த வீட்டுக்காரர், அதே லாரியில் என்னை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மயினியும் ஏறிக்கொண்டாள்.

அங்கே ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். பெரிய டாக்டர் ஒருவர் கட்டிலருகே நின்று பொறுமையாகச் சொன்னார்: "உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்குது. கண்ணீர், எச்சில் சுரக்கிற இடமெல்லாம் காய்ஞ்சு போச்சு. இப்ப சிறுநீரகத்திலயும் கை வச்சிருக்கு. பொட்டாசியம்னு ஒரு உப்பு, ரத்தத்தில இருக்க வேண்டியது, வெளியே போயிருது. அது குறைஞ்சா கை கால் விழுந்துரும். மூச்சும் நின்னுரும். இது பேயும் இல்ல, சாபமும் இல்ல."

மயினி கேட்டாள்: "அப்ப இவ அழாதது..."

"அழ முடியாதும்மா. கண்ணில தண்ணியே இல்லையே."

மயினி அப்படியே தரையில் உட்கார்ந்து, கட்டி அவிழ்த்த என் கால் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை. பிறகு இளநீர் ஊற்றியதை டாக்டரிடம் சொன்னாள்.

"இளநீர்ல அந்த உப்பு இருக்கு. நல்ல நேரத்தில ஊத்தினீங்க. யார் சொல்லித் தந்தது?" என்று டாக்டர் கேட்டார்.

"இவதான் கேட்டா" என்றாள் மயினி.

டாக்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பிறகொரு நாள் அவளிடம் அந்தக் குரல் எப்படி இருந்தது என்று கேட்டேன். "காதுக்குப் பின்னால, ஒட்டி நின்னு கேட்ட மாதிரி" என்றாள். "ஒன் கொரல்தான். ஆனா இப்ப உள்ள கொரல் இல்ல. நோவு வர்றதுக்கு முந்தி, நீ ஈர வாயோட பேசுவியே, அந்தக் கொரல்." அந்தக் குரலை நானே மறந்துபோயிருந்தேன்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அடுத்த ஆடியில் இருக்கன்குடி ஆற்றுமணலில் என் காலால் நடந்தேன். கண்மலர் சாத்தினோம். மயினி சன்னதியில் விழுந்து அழுதாள். "எனக்கும் சேர்த்து அழுங்க மயினி" என்றேன்.

நோவு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். உப்பு மருந்தை இன்றும் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து உண்டு. வாய் காய்ந்துதான் இருக்கிறது. ஆனால் என் உடம்புக்குள் இருப்பது நான்தான் என்று எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். இப்போதெல்லாம் எந்தப் பெண்ணுக்காவது கை கால் விழுந்தால், பேய் பிடித்தது என்று பேச்சு எழும்பினால், நானும் மயினியும் முதலில் போய் அவள் பக்கத்தில் உட்காருகிறோம். ஆத்தாளைக் கும்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம். இரண்டும் அவள் வழிதான்.

உங்களில் யாராவது, வாய்விட்டுக் கேட்க முடியாத இடத்தில் கிடக்கலாம். உள்ளுக்குள் கூப்பிடுங்கள். பதில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் தேடாதீர்கள். நான் பலமுறை திரும்பிப் பார்த்துவிட்டேன். அங்கே வெறும் சுவர்தான். ஆனாலும் வரும். நம்புங்கள்.