வின்னியின் தக்காளிக் கோபுரம்

ஏமாற்றுவதைச் சொல்ல லண்டன் பெத்னல் கிரீன் சந்தையில் நாற்பது வார்த்தை உண்டு. நாய்க்குட்டியை விற்றுவிட்டான் என்பார்கள். சவாரி கூட்டிப் போய்விட்டான், கண்ணில் கம்பளியை இழுத்துவிட்டான் என்பார்கள். எல்லாம் நாமம் போட்ட கதைதான். ஏமாற்றாதவளுக்கு அங்கே ஒரே பெயர்: இளிச்சவாயி. அப்படி அழைக்கப்பட்டவள் வின்னி கட்புஷ்.

அந்தச் சந்தையில் பழக்கடை என்றால் முன்னால் பளபளவென்று அடுக்கிய பழக் கோபுரம் ஒன்று நிற்கும். அதை யாரும் தொடக்கூடாது. பைக்குள் போவது கோபுரத்துக்குப் பின்னால் கிடக்கும் சொத்தை. வின்னி மட்டும் முன்னாலிருந்தே எடுத்துப் போடுவாள். பத்து மணிக்குள் அவள் கோபுரம் குட்டிச்சுவராகிவிடும். அவளைப் புனிதவதி என்று சொல்ல வரவில்லை. எடைக்கல்லில் கறாரானவள், வாய் கொடியது. இருபத்தாறு வருடத்தில் அவள் சேர்த்தது ஏமாற்றாதவள் என்ற அந்தப் பெயர் ஒன்றுதான்.

1962இல் ஒரு சனிக்கிழமை காலை, கோபுரம் கலையும் முன்பே, அந்தப் பெயருக்கு ஆபத்து வந்தது. வின்னி டீ குடிக்கப் போன பத்து நிமிடம் பக்கத்துக் கடை ரெக் ஸ்டப்ஸ் அவள் கடையைப் பார்த்துக்கொண்டான். அவள் திரும்பிவந்து சற்று நேரத்தில் மேவிஸ் என்கிற பெண்மணி தக்காளிப் பையோடு வந்து நின்றாள். வரிசையில் இருபது பேர்.

"ஏம்மா, உன்னையும் நம்பினேனே! அடியில பூரா அழுகல். நீயும் ஆள வச்சு எனக்குக் காதுல பூ சுத்திட்டியா?"

வின்னி ரெக்கைப் பார்த்தாள். பன்றித் தீனிக்கென்று அவள் பின்னால் ஒதுக்கி வைத்திருந்த அழுகல் பெட்டி பாதி காலி. ரெக்கின் காது சிவந்துவிட்டது.

"அக்கா, நாந்தான்... கை பழக்கதோஷம்..."

"வாய மூடிட்டு உன் வியாபாரத்தப் பாருடா" என்றாள் வின்னி. மேவிஸிடம் திரும்பி, "என் தராசு, என் பேரு, தாயி. தப்பு என்னுது. இந்தா கோபுரம். உன் கையாலயே பொறுக்கிக்க. வரிசையில நிக்கிறவங்களும் அப்படியே."

எதிர்க்கடைக்காரன் அலறினான். "சரக்க ஜனங்க தொடுறதா? எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடுறியே, இளிச்சவாயி!"

வின்னி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இருபது பேரும் மேவிஸின் கையையே பார்த்தார்கள். அவள் ஒரு தக்காளியை எடுத்தாள், உருட்டிப் பார்த்தாள், இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு பையிலிருந்த அழுகலைப் பெட்டியில் கொட்டிவிட்டு, காலிப் பையை வின்னியிடம் நீட்டினாள்.

"நீயே போடும்மா."