மிஸ் வீட்டுப் பாப்பா

பாலர் வகுப்பு டீச்சருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் அவர்தான். அம்மா போன பிறகு அந்த மாடி வீட்டில் அவர் மட்டும். பள்ளியில் நாள் முழுக்கத் தொண்டை வறளப் பேசுவார். வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்தால் மறுநாள் காலைவரை வாய்க்கு வேலையில்லை.

பிளாஸ்டிக் குப்பையைக் குறைப்பது பற்றி அந்த மாதம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. வாயால் சொன்னால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவார்கள். ஒரு வாரம் வீட்டில் சேரும் பிளாஸ்டிக்கை எல்லாம் கழுவிக் காயவைத்துக் கொண்டுவரச் சொன்னார். நியாயம் வேண்டாமா, தானும் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார்.

மேசைகளை ஓரம் தள்ளித் தரையில் பழைய போர்வையை விரித்தார்கள். எண்ணெய்ப் பை, சோப்புத்தூள் பை, சக்கரம் போன பொம்மைக் கார் என்று ஒவ்வொரு வீட்டுக் குப்பையும் ஒரு குவியல். எது இல்லாமல் சமாளிக்கலாம், எதைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று பிள்ளைகளே பிரித்துப் போட்டார்கள். டீச்சரின் குவியலுக்கு முன்னால் 'வக்கீல்' வந்து உட்கார்ந்தாள். எதையும் குறுக்குக் கேள்வி கேட்காமல் விடமாட்டாள் என்பதால் ஆசிரியர்கள் அந்தச் சிறுமிக்கு வைத்த பெயர் அது. இரண்டு வாய்க்குக் காணாத தயிர்க் கப், விரல் நீள ஷாம்பு பாக்கெட், இரவுச் சாப்பாடு வாங்கிய டப்பா, டப்பாவுக்கு ஒரே ஒரு கரண்டி என்று எடுத்து வைத்துக்கொண்டே வந்தாள்.

"மிஸ், உங்க வீட்ல எல்லாமே குட்டி குட்டியா இருக்கு. பாப்பா இருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் டீச்சர் வாயைத் திறந்தார். "ம், இருக்கு" என்று வந்துவிட்டது.

அவ்வளவுதான், வகுப்புக்கே பாப்பா பைத்தியம் பிடித்துக்கொண்டது. பல் முளைத்துவிட்டதா, நடக்கிறதா என்று தினமும் விசாரணை. டீச்சர் மென்று விழுங்குவார். பழைய பனியன்களின் அடிப்பக்கத்தை முடிச்சுப் போட்டுக் கடைக்குக் கொண்டுபோகும் பை செய்த அன்று, வக்கீல் தன் தம்பிக்குச் சிறுத்துப்போன பனியனில் ஒரு குட்டிப் பையும் செய்து, பாப்பாவுக்கு என்று நீட்டினாள். டீச்சர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். அதைப் பார்த்ததும் பாதிச் சோற்றோடு தட்டை மூடி வைத்துவிட்டார்.

மறுநாள் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துப் போட்டு உடைத்துவிட்டார்.

"மிஸ் உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். எங்க வீட்ல பாப்பா இல்ல. நான் மட்டும்தான்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வக்கீல்தான் ஆரம்பித்தாள்.

"அப்ப யார்கூடப் பேசுவீங்க?"

"உங்ககூடத்தான் நாள் பூரா பேசுறேனே."

"லீவு நாள்ல?"

டீச்சர் கீழே கிடந்த சாக்பீஸைப் பொறுக்கி எடுத்தார். "சரி, அந்தப் பைய குடுத்துடுங்க மிஸ். எங்க தம்பிக்கு ஆகும்" என்றாள் வக்கீல். கோபத்தில் கேட்கவில்லை. உபயோகப்படாத இடத்தில் பொருள் எதற்கு என்றுதானே இத்தனை நாளாகப் பாடம். டீச்சர் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவருக்குச் சிரிப்பும் வந்தது.

லீவு நாளும் வந்தது. துணி துவைத்து, வீட்டைப் பெருக்கித் துடைத்து, வெயில் ஏறுவதற்குள் கை ஓய்ந்துவிட்டது. வேறு ஊரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டார். அம்மா போனதிலிருந்து அவராகக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?" தங்கை பதறினாள்.

"நல்லாத்தான் இருக்கேன். சும்மா பேசலாம்னு."

"அடுப்புல வேலையா இருக்கேன்க்கா. ஸ்பீக்கர்ல போடுறேன், வச்சிடாத."

போட்டவள் வேலை மும்முரத்தில் மறந்தே போனாள். பாத்திரம் உருண்டது. குழாயில் தண்ணீர் கொட்டியது. செருப்பு எங்கே என்று தங்கை வீட்டுக்காரர் கேட்டார். பிள்ளைகள் இருவரும் எதற்கோ அடித்துக்கொண்டார்கள். டீச்சர் குரல் கொடுக்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல், சன்னலோர நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.