விமானத்தில் போக வேண்டிய இரண்டு துவக்குகள்

வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராக நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்த காலத்தில், கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த மரப்பெட்டி செய்கிற ஒரு கடையில் நான் வேலை செய்தேன். தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப் போகிறது என்ற பேச்சு அப்போது எங்கும் இருந்தது. பீங்கான் கோப்பை, கண்ணாடி அலுமாரி, மான் கொம்பு என்று எல்லாம் எங்கள் கடைக்கு வந்து, மரப்பெட்டிக்குள் வைக்கோலோடு அடங்கிக் கப்பலுக்குப் போகும். வேட்டைத் துவக்குகளை மட்டும் அவர்கள் கப்பலை நம்பி அனுப்புவதில்லை. தாங்கள் போகிற விமானத்திலேயே கொண்டுபோவார்கள்.

அதற்கு விமானக் கம்பனிக்காரர்கள் கடும் நிபந்தனை வைத்திருந்தார்கள். துவக்குக்குள் தோட்டா இருக்கக் கூடாது. போல்ட்டைக் கழற்றித் தனியாக எண்ணெய்த் துணியில் சுற்ற வேண்டும். தோட்டாக்கள் வேறு பெட்டியில் போக வேண்டும், அந்தப் பெட்டியைத் தூக்கிக் குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. அதனால் நான் ஒரு கட்டையில் வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொரு தோட்டாவையும் அதன் துளைக்குள் நிறுத்தி, மேலே கம்பளித் துணி வைத்து அழுத்தி மூடுவேன். துவக்குப் பெட்டியின் உள்பக்கத்தைத் துவக்கின் உருவத்துக்கே குடைய வேண்டும். குடைந்து முடித்துப் பார்க்கும்போது, துவக்கு இல்லாமலே அது அங்கே படுத்திருப்பது போல இருக்கும். எனக்கு அது பிடிக்காது. உடனே பச்சைத் துணியைப் போட்டு மறைத்துவிடுவேன்.

நான் அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். வாடிக்கைக்காரர்களோடு பேச எனக்கு நா எழாது. பேச்செல்லாம் முதலாளி பார்த்துக்கொள்வார். அவர் பள்ளிவாசலுக்கு ஒழுங்காகப் போகிற, மெதுவாகப் பேசுகிற மனிதர்.

ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் இரண்டு ரைபிள்கள் கொண்டுவந்தார். இரண்டும் ஒரே கம்பனி, ஒரே நீளம். ஒன்று அவருடையது. மற்றது வேட்டைக்கு வருகிற விருந்தாளிகளுக்குக் கொடுப்பது. தன்னுடையதைத் தன் கையாலேயே எடுத்து வைத்தார். முதலாளி தூக்க உதவப் போனபோது வேண்டாம் என்று தலையசைத்தார். அந்தத் துவக்கை இத்தனை வருஷத்தில் தன்னைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை என்று சொன்னார்.

துரை வந்து பார்த்துக்கொண்டு போவதற்காக ஒரு நாள் குறித்தோம். அன்று பின்னேரம் போலீஸ் வந்து அரக்கு முத்திரை வைப்பதாக ஏற்பாடு. காலையில் துரையுடைய துவக்கைப் பெட்டியில் வைத்துப் பித்தளைத் திருகாணி எல்லாம் முறுக்கி முடித்திருந்தேன். விருந்தாளித் துவக்கு மேசையில் கிடந்தது. துரை கதிரையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள்.

முப்பது வயது இருக்கலாம். கையில் மஞ்சள் துணி சுற்றிய செம்பு, அதன் வாயில் வேப்பிலை. துரையைக் கண்டதும் முக்காட்டை இழுத்துக்கொண்டாள், ஆனால் பின்வாங்கவில்லை. துரையும் அவளைக் கண்டார். சுருட்டை அணைத்தார்.

அவளுடைய கதையை முதலாளி கேட்டுக் கேட்டுத்தான் வெளியே எடுத்தார். இரண்டு வருஷத்துக்கு முன் துரைமாருக்குப் பன்றி கலைத்து விரட்டிக் கொடுக்க அவள் புருஷன் காட்டுக்குப் போனான். மூடுபனி. ஆளுயர மானாப் புல் அசைவதைக் கண்டு சுட்டிருக்கிறார்கள். புல்லுக்குள் இருந்தது அவன். சுட்டது விருந்துக்கு வந்த வேறொரு துரை என்று விசாரணையில் முடிவானது. அந்த ஆள் அதற்குள் சீமைக்குப் போய்விட்டார். அதோடு விஷயம் முடிந்தது.

அவளுக்கு முடியவில்லை. திவசத்துக்குப் படையல் போட்டால் காகம் வருவதில்லை. அவன் விழுந்த இடத்துக்குப் போய் அழைத்துப் பார்த்தாள், வரவில்லை. அகாலமாகச் செத்தவரை இப்படிச் செம்புத் தண்ணீரில் அழைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் வைப்பது தோட்டங்களில் வழக்கம். கோயிலில் சாமியாடுகிறவர், உயிரை எடுத்த சாமானோடுதான் அவன் இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறார். துவக்குகள் விமானத்தில் போகப் போவதைப் பங்களா சமையல்காரர் சொல்லி அறிந்து, காலை பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள்.

"கடலுக்கு அங்கிட்டுப் போயிட்டா நான் எங்க போயி கூப்புடுவேன் மொதலாளி?" என்றாள். "ஒரு தடவ கூப்பிட்டுக்கிறேன். வந்தா கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

முதலாளி துரையைப் பார்த்தார். துரை மேசையில் கிடந்த துவக்கைக் கையால் காட்டினார். "இதுதான். கூப்புடு" என்றார். அவருக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும்.

பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும், ஆனால் பெண்சாதி புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். அதைச் சொல்ல வேண்டிய கொழுந்தன் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டான். ஆகவே அவள் வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள். செம்பை இரண்டு கையிலும் ஏந்தித் துவக்கின் மேல் பிடித்து, "ஏங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "ஏங்க." அவன் வந்தால் செம்பு கனக்குமாம். வெளியே யாரோ பழம் விற்றுக்கொண்டு போனார்கள்.

அவள் வெகுநேரம் நின்றாள். பிறகு கையைத் தாழ்த்தி, "இதுல இல்ல" என்று சொன்னாள். அழவில்லை. தவறான வீட்டுக் கதவைத் தட்டியவள் போல முகம் வைத்திருந்தாள். துணியைச் செம்பில் இறுக்கிக்கொண்டு திரும்பினாள்.

வாசல்படி வரை போயிருப்பாள். துரை என்னைப் பார்த்து, மூடியிருந்த பெட்டியைக் காட்டி, "அதத் தொற" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. முதலாளிக்கு விளங்கிவிட்டது. அவர் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். நான் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். காலையில் இறுக்கி முறுக்கியிருந்ததால் ஒவ்வொன்றும் கிறீச்சிட்டது. மூடியைத் தூக்கியதும் துரையே குனிந்து தன் துவக்கை எடுத்து மேசையில் வைத்தார். மற்றதை ஒரு பக்கமாகத் தள்ளினார்.

அவள் திரும்பி வந்து துவக்கைப் பார்த்தாள். பிறகு துரையைப் பார்த்தாள். அந்தத் தோட்டத்தில் யாருடைய துவக்கு எது என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

"விசாரணையில அப்புடிச் சொல்லலியே தொரை."

"சொல்லல்ல," என்றார் துரை.

வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. கேட்பதற்காக அவள் வரவில்லை. செம்பை ஏந்தினாள்.

"ஏங்க, நாந்தான் வந்திருக்கேன். இங்க இருந்தது போதும். எந்திரிச்சு வாங்க, வீட்டுக்குப் போவோம்."

அந்தக் குரல் இன்றும் எனக்குக் கேட்கிறது. அழைப்பு என்றே அதைச் சொல்ல முடியாது. வேலைக்கு நேரமாகிறது என்று புருஷனை எழுப்புகிற குரல் அது. அவள் சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில், செம்பை ஏந்தியிருந்த கைகள் மெல்லத் தாழ்ந்தன. யாரோ செம்புக்குள் ஒரு கல்லை வைத்தது போலத்தான் இருந்தது. அவள் முழங்கையை வயிற்றோடு சேர்த்து அணைத்துத் தாங்கிக்கொண்டாள். வேப்பிலையில் இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் துவக்குக் கட்டையில் விழுந்தது. துரை அதைத் துடைக்கவில்லை. முதலாளியின் உதடுகள் மட்டும் எதையோ ஓதிக்கொண்டிருந்தன.

இனி வீடு போகும்வரை அவள் பேசக் கூடாது, செம்பைக் கீழே வைக்கவும் கூடாது. அதை முதலே சொல்லி வைத்திருந்தாள். முதலாளி என்னிடம், "தம்பி, பஸ்ஸுல ஏத்திவிட்டுட்டு வாங்க. அந்தப் புள்ளக்கி இனி வாய் இல்ல" என்றார்.

குட்ஷெட் பஸ் நிலையம் வரை அவளுக்கு முன்னால் நடந்து வழி விலக்கிக்கொண்டு போனேன். திரும்பித் திரும்பிப் பார்க்கத் தோன்றியது, ஆனால் பார்க்கவில்லை. பின்னால் ஒருவர் நடக்கிற சத்தம்தான் கேட்டது. ஒருவர்தானா என்று கவனித்துக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் ஆசனத்தில் ஜன்னலோரம் போய் அமர்ந்தாள். பக்கத்து இடத்தை முந்தானையால் தட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் கேட்டேன். மற்ற ஆள் எங்கே என்றார். வந்துவிட்டார் என்று சொன்னேன்.

பஸ் நிறைந்துகொண்டே வந்தது. வெற்றிலைக் கட்டோடு ஒரு மனிதர் வந்து அந்த இடத்தில் உட்காரப் போனார். அவளால் பேச முடியாது. நான்தான் பேசவேண்டும்.

"அண்ணே, அங்க ஆள் இருக்காரு," என்றேன்.

அவர் வெறும் ஆசனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவள் மடியில் இருந்த வேப்பிலையைப் பார்த்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நின்ற யாரும் அந்தப் பக்கம் சாயவில்லை. நான் இறங்கினேன். அந்த இடத்தில் ஆள் இருக்கிறார் என்று சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது.

கடைக்குத் திரும்பியபோது துரை அதே கதிரையில் இருந்தார். துவக்கு வைத்த இடத்திலேயே கிடந்தது, பெட்டி திறந்தபடி. முதலாளி பின்பக்கம் தொழப் போயிருந்தார். போலீஸ் வர நேரமாகிவிட்டது. நான் துவக்கை எடுத்துப் பச்சைத் துணிக்குள் படுக்க வைத்தேன். முன்பைவிட லேசாக இருந்ததா என்று பின்னால் பலர் கேட்டிருக்கிறார்கள். போலீஸ் வருவதற்குள் மூட வேண்டும் என்ற அவசரத்தில் நான் எடை பார்க்கவில்லை.

மூடியைத் தூக்கியதும் துரை கேட்டார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

"போயிட்டானா அவன்?"

"போயிட்டாரு தொரை," என்றேன்.

"நல்லாத் தெரியுமா?"

பஸ் போனதை நான் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் ஒதுங்கி, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் அந்த மனிதர் பதிலுக்காகக் காத்திருந்தார். விமானம் ஏறப் போகிறவர். இந்தப் பெட்டியோடு வேறொரு நாட்டில் வேறொரு வீட்டில் இருக்கப் போகிறவர்.

தெரியும் என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நான் திருகாணிகளை முறுக்கினேன்.