எங்கள் வாசலில் மட்டும் குறைந்த சத்தம்

அந்த ஆட்டோவில், ஓட்டுநரின் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உடைந்துபோனதால், அந்த இடத்தில் நீல நிறப் பேனா மூடி ஒன்றைச் செருகி வைத்திருந்தார். எங்கள் வாசல் வந்ததும் அவருடைய இடது கை அந்த மூடியைத் திருகும். கூரைமேல் இருந்த ஒலிபெருக்கி முணுமுணுப்பாக அடங்கும். எங்கள் வீட்டைத் தாண்டியதும் பழையபடி அலறும்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு மாநகராட்சி சொல்ல நினைப்பதெல்லாம் அந்த ஆட்டோவில்தான் வரும். குப்பையைப் பிரித்துக் கொடுங்கள், தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள் என்று வந்தாலும், பெரும்பாலும் சொத்து வரிதான் என்பதால் ‘வரி ஆட்டோ’ என்றே அதற்குப் பெயர். தெருமுனையில் சத்தம் கேட்டதுமே ஜன்னல்களைச் சாத்திக்கொள்வோம். அப்போது என் மகள் கைக்குழந்தை. மதியம் அவளைத் தூங்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஒருநாள் பொறுக்க முடியாமல் வாசலுக்குப் போய், “அண்ணா, குழந்தை தூங்குது” என்றேன். சொன்ன உடனே, அரசாங்க வேலையில் தலையிடுகிறேனோ என்று பயம் வந்துவிட்டது. அவரோ, “இத சொல்றதுக்கு இன்னாத்துக்குமா பயப்படுற? எனக்கே காது அடைச்சிகினு கீது” என்று மூடியைத் திருகினார். அதன்பிறகு நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டு பாயம்மா கிண்டல் செய்வார்: “உன் ஊட்டாண்ட மட்டும் கவர்மெண்ட்டே வாயப் பொத்திகினு போவுதும்மா.”

பிறகு அந்த மழை வந்தது. விடாமல் பெய்ததில் மின்சாரம் இல்லை, என் போன் அணைந்துவிட்டது, கணவர் பூந்தமல்லியில் வேலையில் மாட்டிக்கொண்டார். நடுப்பகலில் ஆட்டோ வந்தது. வழக்கம்போல எங்கள் வாசலில் குரல் தணிந்தது, தாண்டியதும் உயர்ந்தது. மழையிரைச்சலில் சொல் எதுவும் பிடிபடவில்லை. இந்த மழையிலுமா வரி கேட்பார்கள் என்று அலுத்துக்கொண்டு தொட்டிலை ஆட்டினேன். சற்று நேரத்தில் யாரோ கேட்டைத் தட்டினார்கள். அவர்தான், தொப்பலாக நனைந்து நின்றார். ஆட்டோவைத் திருப்பாமல் பின்னோக்கியே ஓட்டி வந்திருந்தார்.

“பாப்பாவ தூக்கிகினு கெளம்புமா. ஏரி ரொம்பிடுச்சி, தண்ணிய தொறந்து உடப் போறாங்க. பழக்க தோசத்துல உன் ஊட்டாண்ட சவுண்ட கொறச்சிட்டேன். தெருக்கோடிக்குப் போனப்புறந்தான் பகீர்னுச்சு.”

“வரின்னு நெனச்சேன் அண்ணா.”

“எல்லாரும் அப்டித்தான் ஜன்னல சாத்திகினு கீறாங்க. ஊடு ஊடா தட்டிட்டு வரேன், நீ ரெடியாவு.”

எங்களையும் பாயம்மாவையும் அவரே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்கினார். “வாயப் பொத்திகினு போன கவர்மெண்ட்டு, இன்னிக்குக் கதவத் தட்டிடுச்சி பாரு” என்றார் பாயம்மா. யாருக்கும் சிரிக்கத் தெம்பில்லை. மாலைக்குள் எங்கள் வீட்டில் தண்ணீர் தொட்டிலைத் தொட்டிருந்தது.

அறிவிப்புகள் போனில் வரத் தொடங்கியதும் ஆட்டோ நின்றுபோனது. கடைசியாக எப்போது வந்தது என்றுகூட நான் கவனிக்கவில்லை. அவர் பெயரைக் கேட்டு வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. மகள் பள்ளிக்குப் போகிறாள். தொட்டிலில் அவள் தம்பி. வெளியே மழை. கொசு மருந்து, நாய்க்குத் தடுப்பூசி, வரி, வெள்ள எச்சரிக்கை, எல்லாம் ஒரே மணியோசையோடு வந்து விழுகின்றன. ஒவ்வொரு மதியமும் போனின் சத்தத்தைக் குறைக்கிறேன். பிறகு எதையாவது தவறவிட்டால் என்று கூட்டுகிறேன். குறைத்து வைத்த வீடு எது என்று ஞாபகம் வைத்துத் திரும்பி வர, அந்தப் பக்கம் ஆள் இல்லை.

இன்றும் கூட்டியே வைத்திருந்தேன். மணி அடித்தது, பையன் விழித்து அழத் தொடங்கினான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பார்த்தேன். சொத்து வரி.