மகளின் பெயரில் வந்த அபராதம்

முப்பது ஆண்டுகள் லண்டனில் ஓர் உள்ளூராட்சிக் கவுன்சிலில் மற்றவர்களின் விண்ணப்பங்களில் பிழை கண்டுபிடித்தவன் நான். அப்டன் பார்க்கில் ஒரு தனியார் கார் நிறுத்துமிடத்தின் அபராதக் கடிதங்களை, தனியார் அபராதம் செல்லாது என்று, சட்டம் தெரிந்த திமிரில் மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன். நான் ஓட்டிய கார் மகளின் பெயரில் இருந்தது; கடிதங்களும் அவள் பெயருக்கே வந்தன.

அரசாங்க வேலைக்கான பாதுகாப்புச் சோதனையில் அவள் மாட்டிக்கொண்டாள்.

"கடன் கட்டேல்லை எண்டு என்ர பேரில கோர்ட் தீர்ப்பு இருக்காம், அப்பா. வேலை கிடையாமலும் போகலாம்."

"பார்க்கிங் காசுதானே, பிள்ளை?"

"அவையளுக்கு அதுவும் கடன்தான்."

தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் முழுதும் கட்டினால் பதிவை நீக்குவார்கள். மூன்று நாட்கள் மிச்சமிருந்தன, கட்டினேன். நேர்காணலில் அவள் எதையும் மறைக்கவில்லை. ஏன் கட்டவில்லை என்று அதிகாரி கேட்டாராம்.

"அப்பாவுக்குச் சட்டம் தெரியும் எண்டு சொன்னன். சிரிச்சிட்டு எழுதினவர்."

வேலைக்கான பாதுகாப்பு அனுமதி கிடைத்தது. இப்போது அவள் பெயருக்கு வரும் கடிதங்களை நான் பிரிப்பதில்லை. அன்றே அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.